பச்சை என்று பெயர் வைக்கும் முன் கணக்கைக் காட்டுங்கள்

மலேசிய அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்க அமைச்சுக்கும் சுற்றுச்சூழல் துறைக்கும்,

வணக்கம். பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற மாதம் மாணவர்களுக்கு மின்பகுப்பு, அதாவது நீரில் மின்சாரம் பாய்ச்சி வாயுக்களைப் பிரிப்பது, செய்து காட்டினேன். ஒரு குவளை உப்பு நீர், இருமுனையும் சீவிய இரண்டு பென்சில்கள், 9 வோல்ட் பேட்டரி. ஒரு பென்சில் முனையில் ஹைட்ரஜன் குமிழ்கள் பொங்கியதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். சற்று நேரத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மற்றொரு முனையில் குளோரின் வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்தேன்.

மின்சாரத்தை எரிபொருளாகவும் இரசாயனமாகவும் மாற்றும் திட்டங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த மற்றொரு முனைதான் என் நினைவுக்கு வருகிறது.

2023-இல் ஹைட்ரஜன் பொருளாதாரத்திற்கான வழிகாட்டித் திட்டத்தை வெளியிட்டீர்கள். அதை மனமார வரவேற்கிறேன். ஆனால், மின்பகுப்பில் 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரம் வேண்டும். தீபகற்ப மலேசியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் பிறக்கிறது. யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தாலும், அந்த ஒரு கிலோவுக்குப் பின்னால் 35 கிலோ புகை நிற்கிறது. எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் பழைய முறையில்கூட இது சுமார் 10 கிலோதான்! எந்த மின்சாரம், எந்த நேரத்து மின்சாரம் என்று கேட்காமல், சூழலுக்குக் கேடில்லாதது என்று பொருள்படும் பச்சை என்ற பெயரை ஹைட்ரஜனுக்கு ஒட்டக் கூடாது.

சரவாக் மாநிலத்தில் நீர்மின்சாரம் இருக்கிறது, உண்மை. அங்குள்ள பாக்குன் அணைக்காக ஏறத்தாழ 10,000 பூர்வகுடி மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்ததும் உண்மை. அதையும் கணக்கில் எழுதுங்கள்.

தண்ணீரையும் எழுதுங்கள். 1 கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல் கணக்குப்படியே 9 லிட்டர் வேண்டும். சுத்திகரிப்பும் குளிரூட்டலும் சேர்ந்தால் கூடும். பினாங்கின் குடிநீருக்குப் பெரும்பாலும் மூடா ஆற்றைத்தான் நம்பியிருக்கிறோம். குழாயில் காற்று மட்டும் வரும் நாள்களில், வாளிகளை வரிசையாக வைத்துக் காத்திருப்பது எங்கள் வீடுகளில் பழகிப்போன காட்சி.

ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்துச் செய்யும் மெத்தனால் என்ற எரிபொருளில் இன்னொரு சிக்கல் உண்டு. 1 கிலோ மெத்தனால் செய்ய 1.4 கிலோ அளவுக்குக் கரியமில வாயு உள்ளே போகிறது. எரித்தால் அதே அளவு வெளியே வந்துவிடுகிறது. அந்த வாயு ஓர் ஆலையின் புகைபோக்கியில் பிடித்ததென்றால், ஆலைக்காரரும் எரிபொருள் விற்பவரும் ஒரே உமிழ்வுக் குறைப்பை ஆளுக்கொரு முறை உரிமை கொண்டாட இடம் கொடுக்காதீர்கள்.

ஹைட்ரஜனும் மெத்தனாலும் செய்யும் ஆலைகள் ஒவ்வொன்றிடமும், கருவிக்கான உலோகம் தோண்டுவதிலிருந்து எரிபொருள் எரியும் வரையிலான முழு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டை, அனுமதி தரும் முன்பே கேட்டு வாங்குங்கள். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதை மணிவாரியாகக் காட்டச் சொல்லுங்கள். ஹைட்ரஜன் கசிவையும் அளக்கச் சொல்லுங்கள். கசியும் ஹைட்ரஜன் காற்றில் மீத்தேனின் ஆயுளை நீட்டிப் புவி வெப்பத்தைக் கூட்டுகிறது. அறிக்கையை மலாய், தமிழ், சீன மொழிகளில் வெளியிட்டு, ஆலைக்கு அருகில் வாழ்பவர்கள் படித்துக் கேள்வி கேட்க அவகாசம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு