வண்டி ஸ்டார்ட் ஆனதும் முடிந்துவிடுகிற வீடியோக்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

செல்போனில் வீடியோ பார்த்தே பொழுதைத் தொலைக்கிறார்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதுகிறவர்கள் அதிகம். நானும் அப்படிப் பார்க்கிற ஆள்தான். உசிலம்பட்டி பக்கம் மல்லிகைத் தோட்டம். காலையில் பூ எடுத்து மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு அனுப்பிவிட்டால் மதியம் பெரிதாக வேலை இருக்காது. பழைய வண்டிகளைப் பிரித்து மறுபடி ஓட வைக்கிற வீடியோக்களை அப்போதுதான் பார்ப்பேன்.

அப்பாவின் டிவிஎஸ் 50 மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. 1980-இல் ஓசூரில் தயாராகி வந்த மாடல், இரண்டு பேர் போகலாம். அதை வாங்கிய பிறகுதான் எங்கள் வீட்டுப் பூ மூட்டை முதல் பஸ்ஸுக்குக் காத்திருப்பதை விட்டது. டிவிஎஸ் என்ற பெயருக்குச் சொந்தக்காரரான டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்ட ஊர் என்பதால் மதுரைக்காரர்களுக்கு அந்தப் பெயர் மேல் கொஞ்சம் உரிமையும் உண்டு.

வீடியோக்காரர்களிடம் எனக்குப் பிடித்தது கடைசியில் காட்டுகிற பளபளப்பு இல்லை. கழற்றுமுன் ஒரு போட்டோ எடுக்கிறார்கள். கழற்றிய போல்ட்டுகளை அட்டையில் துளை போட்டு, எடுத்த வரிசையிலேயே குத்தி வைக்கிறார்கள். அதைப் பார்த்த தைரியத்தில்தான் நானும் பாலிடெக்னிக் படிக்கிற அக்கா மகனும் வேலையில் இறங்கினோம். கார்புரேட்டர் ஜெட்டில் பழைய பெட்ரோலும் ஆயிலும் அரக்கு மாதிரி இறுகியிருந்தது. சைலன்சர் முழுக்கக் கரி. டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால் அது இல்லாமல் இருக்குமா? லேத்தில் சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து (ரீபோர்) புது பிஸ்டன் போட்டோம். ஸ்பார்க் வரவைக்கிற பாயின்ட்டில் விட வேண்டிய இடைவெளி, அந்த பாயின்ட் கேப் மட்டும் எங்களுக்குப் பிடிபடவில்லை. ஊரில் ஒரு வயதான மெக்கானிக் வந்தார், விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்தார், "போதும், மிதிடா" என்றார். வண்டி பிடித்துக்கொண்டது. அவரையெல்லாம் யாரும் வீடியோ எடுப்பதில்லை.

இனி குறை. துரு எடுக்க, வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் பாகத்தை முக்கி, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை அதிலும் பாசிட்டிவை இன்னொரு இரும்பிலும் மாட்டுகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் அந்த இன்னொன்று சாதா இரும்பாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் பார்த்தவற்றில் பலரும் சொல்லவில்லை. நம் வீடுகளில் முதலில் கைக்கு அகப்படுவது எவர்சில்வர் கரண்டி. அதிலுள்ள குரோமியம் தண்ணீரில் விஷமாக இறங்கும். அதைக் கொண்டுபோய் எந்த வாய்க்காலில் கொட்டுவது? ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும் என்பதால் மூடிய அறையில் செய்யவே கூடாது.

அப்புறம், இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் பாட்டுப் போட்டு வீடியோவை முடித்துவிடுகிறார்கள். நமக்கு அதற்குப் பிறகுதான் அலைச்சல். சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டு முடிந்தால், படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, 5 ஆண்டுக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். உரிமையாளர் இறந்துவிட்டாரா, அதற்கு முன் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று தனி. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த பழமையான வாகன விதி இருக்கிறதே என்பார்கள். அது 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், அதுவும் கண்காட்சிக்கும் பேரணிக்கும் கொண்டுபோகலாமே தவிர அன்றாடம் ஓட்ட முடியாது. பூ மூட்டை ஏற்றுகிறவனுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

தமிழில் இந்த வீடியோக்களைப் போடுகிற தம்பிகள், வண்டி ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்த் திரும்புகிற வரை காட்ட வேண்டும். மதுரை வடக்கு, தெற்கு, மத்திய அலுவலகங்களிலும், அப்பா, தாத்தா பெயரில் நிற்கிற வண்டிக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று வாசலில் தமிழில் ஒரு போர்டு வைக்கலாம். பழைய ஆர்.சி. புத்தகம் தொலைந்துபோன வண்டிக்கு என்ன வழி என்பதை உங்கள் நிருபர் கேட்டு வெளியிட்டால், எங்கள் தெருவிலேயே வெட்டி வைத்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு மல்லிகை விவசாயி,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்