எதிர்த்தவர் சொன்னதையும் எழுதி வைப்போம்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. கூட்டத்தில் கத்தல், வெளிநடப்பு எல்லாம் நடக்கும். நோட்டில் மட்டும் 'தீர்மானம் நிறைவேறியது' என்று ஒற்றை வரி. தோற்றவர் என்ன சொன்னார் என்பதற்குத் தடயமே இருக்காது. அப்புறம் அவர் அதையே மாடிப்படியிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லிக்கொண்டிருந்தால் குறைப்பட என்ன இருக்கிறது?

நீதிமன்றத்தில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். மாறுபடும் நீதிபதி தன் காரணங்களைத் தனித் தீர்ப்பாக எழுதலாம். நெருக்கடி நிலையின்போது, 1976-இல், தடுப்புக்காவலில் இருப்பவர்கள் ஆட்கொணர்வு மனு மூலம் நிவாரணம் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் முடிவு செய்தார்கள். எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்து எழுதினார். மறு ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது, ராஜினாமா செய்தார். ஆனால் அவர் எழுதியது அழியவில்லை. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தப் பழைய தீர்ப்பைத் தவறென்று தள்ளியது.

சங்கக் கூட்டத்துக்கு இவ்வளவு பெரிய உதாரணமா என்று எங்கள் தலைவரே கேட்டார். கேட்கட்டும். இப்போது மறுப்பவரின் காரணத்தை எழுதி, அங்கேயே அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். "நான் சொன்னது அது இல்லை" என்று பலர் திருத்துகிறார்கள். பிள்ளைகள் வண்டி நிறுத்துமிடத்தில் பந்து விளையாடக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர், மாலையில் கார்கள் திரும்பும் நேரத்தைத்தான் சொல்லியிருக்கிறார்! சத்தம் போடுபவர்கள் இன்னும் போடுகிறார்கள்தான். வசவை விட்டுவிட்டுக் காரணத்தை மட்டும் எழுதிக்கொள்கிறேன். காரணமே இல்லாதவர் தானாக உட்கார்ந்துவிடுகிறார்.

பத்திரிகைகளிலும் இது புதிதல்ல. 1934 பீகார் நிலநடுக்கத்தைத் தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார் காந்தி. தீண்டாமையை எதிர்ப்பதில் தாகூரும் அவர் பக்கம்தான். ஆனாலும் இயற்கை நிகழ்வை அறத்தோடு முடிச்சுப் போடுவது அறிவியலுக்கு ஒவ்வாது என்று மறுத்தார். அந்த மறுப்பு காந்தியின் 'ஹரிஜன்' இதழிலேயே, அவருடைய பதிலோடு வெளியானது.

உங்கள் தலையங்கத்தை மறுத்து வரும் கடிதங்களில் காரணம் சொல்லும் ஒன்றையாவது, அடுத்த நாள் தலையங்கத்துக்குக் கீழேயே வெளியிடுவீர்களா?

இப்படிக்கு,
ஒரு சங்கச் செயலாளர்