டிராமடர்ஜி மைனர்ல இருந்து ரிகர்சல் ரூமை எடுத்துடாதீங்க: நாடகத்துறைக்கு ஒரு திறந்த மடல்

நாடகத்துறை ஆசிரியர்கள் எல்லாருக்கும் வணக்கம்,

என் மேஜர் வரலாறு. போன மாசம்தான் உங்க டிராமடர்ஜி மைனரை முடிச்சேன். டிராமடர்ஜின்னா நாடகப் பிரதியை ஆராய்ஞ்சு, அது மேடைக்கு வர டைரக்டருக்கு கூட இருந்து உதவற வேலை, அதைப் பண்றவர்தான் டிராமடர்க். அடுத்த வருஷத்துல இருந்து, ஒரு நாடகத்தோட ரிகர்சல்ல கூடவே இருந்து வேலை பாக்கற புரொடக்‌ஷன் பேப்பர் கட்டாயம் இல்ல, அதுக்கு பதிலா இன்னொரு தியரி பேப்பர் எடுத்தாலே மைனர் முடிஞ்ச மாதிரின்னு மாத்தப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். மைனர் பண்ற எல்லாருக்கும் குடுக்கற அளவுக்கு துறையில நாடகங்கள் போடறதில்ல, டைரக்டர்களுக்கும் ஒரு ஸ்டூடன்டை பக்கத்துல உக்கார வச்சு சொல்லிக்குடுக்க நேரம் இல்ல, இதெல்லாம் எனக்கும் தெரியும். கஷ்டம் உண்மைதான், ஆனா அதுக்கு நீங்க எடுக்கப்போற முடிவு சரியில்லன்னு மனசார நெனைக்கிறேன்.

தியரி வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. முதல் செமஸ்டர்ல ஜெர்மன் நாடக ஆசிரியரும் விமர்சகருமான லெஸ்ஸிங் பத்தி படிச்சோம். 1767ல ஹாம்பர்க்ல நேஷனல் தியேட்டர் தொடங்கினப்போ, அங்க நடக்கற நாடகங்களைப் பத்தி எழுதறதுக்காகவே அவரை வேலைக்கு வச்சாங்க, அவரும் நடிப்பையும் சேர்த்தே எழுத ஆரம்பிச்சாரு, நடிகர்கள் கோவிச்சுக்கிட்டாங்க, அதோட நடிப்பைப் பத்தி எழுதறதை விட்டுட்டு நாடகத்தைப் பத்தி மட்டும் எழுதினாரு. பரீட்சையில இதை ஒரு பக்கம் எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். ஆனா அந்த நடிகர்களுக்கு ஏன் அவ்வளவு வலிச்சுதுன்னு எனக்கு புரிஞ்சது ரெண்டு வருஷம் கழிச்சு, ரிகர்சல்ல. ரெண்டாவது வாரம், எல்லாரும் இருக்கும்போதே ஒரு நடிகைகிட்ட "இந்த இடத்துல நீங்க அழறது பிரதியில இல்லையே"ன்னு சொல்லிட்டேன். நான் சொன்ன தகவல் சரிதான். ஆனா அவங்க அன்னைக்கு முழுக்க அந்த சீனை உயிரே இல்லாம பண்ணாங்க, மூணு நாள் என் பக்கம் திரும்பவே இல்ல. டைரக்டர் சாயங்காலம் தனியா கூப்பிட்டு, நோட்ஸ் எதுவா இருந்தாலும் ரிகர்சல் முடிஞ்சப்புறம் எழுதி என்கிட்ட குடு, நடிகர்கிட்ட நேரா போகாத, முடிஞ்சா கேள்வியா எழுதுன்னாங்க. "இங்க அழறது தப்பு"ன்னு எழுதறதுக்கும் "இவ இங்க அழுதுட்டா அடுத்த சீன்ல அவளுக்கு என்ன மிச்சம் இருக்கும்?"னு எழுதறதுக்கும் உள்ள தூரம்தான் இந்த வேலையே. இதை எந்த தியரி பேப்பரால சொல்லிக்குடுத்திருக்க முடியும்?

நாங்க பண்ணது வொய்செக். ஜெர்மன் எழுத்தாளர் கியோர்க் பியூக்னர் 1837ல 23 வயசுல செத்துப்போனப்போ முடிக்காம விட்டுட்டுப் போன நாடகம், மேடைக்கு வந்ததே 1913லதான். கையெழுத்துப் பிரதி அவ்வளவு மோசம், முதல்ல பதிப்பிச்சவரு தலைப்புப் பேரையே வொட்செக்னு தப்பா படிச்சிட்டாரு. சீன்களுக்கு இதுதான் வரிசைன்னு ஆசிரியர் முடிவு பண்ணிட்டுப் போகல. பழைய பதிப்புகள் வொய்செக் கேப்டனுக்கு ஷேவ் பண்ற சீன்ல ஆரம்பிக்கும், பின்னாடி வந்ததுல பல பதிப்புகள் வெட்டவெளியில அவன் குச்சி வெட்டிக்கிட்டு இருக்கற சீன்ல ஆரம்பிக்கும். கிளாஸ்ல இதை நோட்ல எழுதிக்கிட்டு அடுத்த பக்கம் போயிட்டோம்.

ரிகர்சல்ல நான் ஒவ்வொரு சீனையும் ஒரு அட்டையில எழுதி தரையில பரப்பினேன், டைரக்டர் ரெண்டு வரிசையையும் ஒரே சாயங்காலத்துல ஓட்டிப் பாத்துடலாம்னாங்க. ஷேவிங் முதல்ல வந்தப்போ, மேலதிகாரி என்ன சொன்னாலும் "ஆமாங்க கேப்டன்"னு தலையாட்டற ஒரு ஏழை சிப்பாயைப் பாத்தோம், பாவமா இருந்துச்சு, அவ்வளவுதான். அப்புறம் மாத்தி வச்சோம். முதல்ல வெட்டவெளி, அவன் தரையைக் காலால தட்டி, கீழ எல்லாம் வெறும் பொந்து, கேக்குதான்னு கேக்கறான். அதுக்கப்புறம் அதே ஷேவிங் சீன், ஒரு வசனம்கூட மாத்தல. ஆனா இப்போ கேப்டனோட கழுத்துல இருக்கற சவரக்கத்தி, கொஞ்சம் முன்னாடி தரைக்குள்ள என்னமோ கேக்குதுன்னு சொன்னவன் கையில இருக்கு. கேப்டனா நடிச்சவரு முதல் தடவை சேர்ல நல்லா சாஞ்சு கழுத்தை நீட்டிக்கிட்டு பேசினாரு, ரெண்டாவது தடவை யாரும் சொல்லாமலே கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கிட்டு பேசினாரு. அறையில ஒருத்தரும் பேசல. ரெண்டு அட்டை இடம் மாறினதுதான், வேற ஒண்ணுமே இல்ல. டிராமடர்க்னா என்னன்னு யாராவது கேட்டா நான் அந்தக் கழுத்தைத்தான் சொல்லுவேன்.

எல்லாருக்கும் குடுக்க நாடகம் பத்தலங்கறதுக்கு வழி இருக்குன்னு நெனைக்கிறேன். பெரிய புரொடக்‌ஷன்தான் வேணும்னு இல்ல. ஸ்டூடன்ட்ஸ் தாங்களே போடற குறுநாடகம் இருக்கு, நம்ம எழுத்துப் பட்டறையில புதுசா எழுதறவங்களோட ஸ்கிரிப்டை உக்காந்து வாசிக்கற கூட்டம் இருக்கு, புது நாடகத்துல எழுதினவங்க பக்கத்துலயே இருக்கறதால கத்துக்க இன்னும் நெறையவே இருக்கும். ஒரு நாடகத்துக்கு ரெண்டு பேரைக்கூட போடலாம், ஒருத்தர் காலகட்டம், சொல் விளக்கம், வேற பதிப்புகள்னு தேடிக் குடுக்கட்டும், இன்னொருத்தர் ரிகர்சல்ல இருக்கட்டும், பாதியில மாத்திக்கட்டும். மார்க்கை ரிகர்சல் நோட்டைப் பாத்து போடுங்க.

இன்னொண்ணும் கேக்கணும். எங்க நாடகத்துக்கு அச்சடிச்ச நிகழ்ச்சிக் கையேட்டுல லைட் போட்டவங்கள்ல இருந்து பிராப்பர்ட்டி எடுத்து குடுத்தவங்க வரைக்கும் பேர் இருந்துச்சு, டிராமடர்க்னு ஒரு வரி இல்ல. யாரும் வேணும்னு விடல, அப்படி ஒரு வேலை இருக்குன்னு அச்சுக்கு அனுப்பினவங்களுக்கு தோணல, எனக்கும் கேக்க வாய் வரல. தொழில்ல இது சின்ன விஷயம் இல்ல. 'ரென்ட்'ங்கற அமெரிக்க மியூசிக்கலுக்கு டிராமடர்கா இருந்த லின் தாம்சன், தானும் ஒரு இணையாசிரியர்னு கோர்ட்டுக்குப் போனாங்க. 1998ல அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அவங்க பங்களிப்பு இருந்ததை ஒத்துக்கிட்டு, இணையாசிரியரா வச்சுக்கற எண்ணம் எழுதினவருக்கு இல்லன்னு சொல்லி அவங்களுக்கு எதிரா தீர்ப்பு குடுத்துச்சு. எதுக்கு சொல்றேன்னா, இந்த வேலையில யாரோட பங்கு எதுன்னு தனியா பிரிச்சு காட்டறது ரொம்ப கஷ்டம். அதனால ரிகர்சல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு பக்கத்துல எழுதிக்கணும், என்ன பண்ணப்போறோம், யார்கிட்ட நோட்ஸ் குடுக்கப்போறோம், பேர் எப்படி வரும்னு. அந்தப் பழக்கத்தை இங்கயே ஏற்படுத்திக் குடுங்களேன்.

பாடத்திட்டக் கமிட்டி எப்போ கூடுதுன்னு சொன்னீங்கன்னா நான் வர்றேன். ரிகர்சல் நோட்டும் அந்த அட்டைகளும் என்கிட்ட பத்திரமா இருக்கு, கொண்டு வர்றேன். மேஜை மேல பரப்பி ஒரே ஒரு தடவை இடம் மாத்திக் காட்டறேன், பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

அன்புடன்,
இந்த வருஷம் டிராமடர்ஜி மைனர் முடிச்ச மாணவி