ஸ்டண்ட் ஆஸ்கர் மேடையில் ஹெலன் கிப்சனின் பெயர் ஒலிக்க வேண்டும்

அமெரிக்கத் திரைப்படக் கலை, அறிவியல் அகாடமியின் ஆளுநர் குழுவினருக்கு,

வணக்கம். 2027-இல் வெளியாகும் படங்கள் தொடங்கி ஸ்டண்ட் வடிவமைப்புக்கெனத் தனி ஆஸ்கர் வழங்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தாங்கள் அறிவித்தீர்கள். 1929-இல் முதல் விழாவை நடத்திய அகாடமி, இந்தக் கலைஞர்களுக்கு இடமளிக்க நூறாவது விழாவரை காத்திருந்தது வருத்தத்துக்குரியதுதான். என்றாலும் அந்த முடிவை மனமார வரவேற்கிறேன். 2028-இல் அவ்விருது முதன்முறையாக வழங்கப்படும்போது ஹெலன் கிப்சன் என்ற நடிகையின் பெயர் அந்த மேடையில் சொல்லப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

அமெரிக்கத் திரையின் முதல் தொழில்முறை ஸ்டண்ட் பெண்ணாகத் திரை வரலாற்றில் பரவலாகக் குறிப்பிடப்படுபவர் அவர். 1892-இல் கிளீவ்லாந்தில் பிறந்தவர். இயற்பெயர் ரோஸ் வெங்கர். குதிரைச் சாகசக் குழு ஒன்றில் சேர்ந்து, நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரையின் மேலிருந்தபடியே குனிந்து, தரையில் கிடக்கும் கைக்குட்டையை எடுக்கப் பழகினார். அக்குழு கலிபோர்னியாவில் குளிர்காலத்தைக் கழித்தபோது, தயாரிப்பாளர் தாமஸ் இன்ஸ் அதன் சவாரிக்காரர்களைத் தம் படங்களுக்கு அமர்த்திக்கொண்டார். ரோஸ் திரைக்கு வந்த வழி அதுதான். பின்னாளில் கௌபாய் நாயகனாகப் புகழ்பெற்ற ஹூட் கிப்சனை 1913-இல் மணந்தார். இன்றும் பல குறிப்புகள் அவரை அந்த மனிதரின் மனைவி என்றே அறிமுகம் செய்து நின்றுவிடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கேலம் (Kalem) என்ற படத் தயாரிப்பு நிறுவனம் 1914 முதல் 1917 வரை வாரம் ஒன்றாக வெளியிட்ட 'த ஹசார்ட்ஸ் ஆஃப் ஹெலன்' என்ற மௌனத் தொடருக்கு மொத்தம் 119 அத்தியாயங்கள். ரயில் நிலையத்தில் தந்தி அடிக்கும் ஒரு பெண், ஓடும் ரயிலையும் திருடர்களையும் தன்னந்தனியாக எதிர்கொள்வதே அதன் கதை. முதல் நாயகி ஹெலன் ஹோம்ஸ் விலகிய பின், அதுவரை அவருக்கு டூப் போட்டுவந்த ரோஸே அந்த வேடத்தை ஏற்று, ஹெலன் என்ற பெயருடன் தொடரை முடிவுவரை நடத்திச் சென்றார். நாயகியும் அவரே, நாயகிக்காக உயிரைப் பணயம் வைத்தவரும் அவரே.

1915-இல் எடுத்த ஒரு காட்சியில், நிலையக் கட்டடத்தின் கூரையிலிருந்து ஓடும் ரயிலின் மேல் அவர் குதிக்க வேண்டியிருந்தது. கூரைக்கும் பெட்டிக்கும் உள்ள தூரத்தைத் துல்லியமாக அளந்தார்கள். ரயிலை நிறுத்திவைத்துக் குதித்துப் பழகினார். படப்பிடிப்பில் ரயில் வேகமெடுத்து வர, தயங்காமல் குதித்துச் சரியான இடத்தில்தான் இறங்கினார். ஆனால் ஓட்டத்தின் வேகம் அவரைப் பெட்டியின் விளிம்பை நோக்கி உருட்டிக்கொண்டு போனது. கடைசி நொடியில் பெட்டியின் கூரையிலிருந்த காற்றுப்போக்கிக் குழாய் ஒன்று கைக்கு அகப்பட, அதைப் பற்றியபடி விளிம்பில் தொங்கினார். சில சிராய்ப்புகளோடு தப்பினார். குதிக்குமுன் அளவெடுத்ததும், ஒத்திகை பார்த்ததும், ஆபத்தைக் கணக்கிட்டதும் தாங்கள் இன்று 'வடிவமைப்பு' என்று பெயரிட்டுக் கௌரவிக்கப்போகும் அதே வேலைதான் அல்லவா?

அடுத்து வந்த ஆண்டுகள் அவருக்குக் கடுமையானவை. சொந்தமாகத் தொடங்கிய தயாரிப்பு நிறுவனம் நொடித்துப்போனது. நாயகி வேடங்கள் நின்றன. பேசும் படக் காலத்தில், மலிவு வெஸ்டர்ன் படங்களின் சின்னஞ்சிறு வேடங்களிலும், பெயர்ப் பட்டியலில் இடம்பெறாத கூட்டக் காட்சிகளிலும், பெரிய நடிகைகளுக்கு டூப்பாகவும் பல பத்தாண்டுகள் உழைத்தார். நடிகைகள் விழ வேண்டிய இடங்களில்கூட ஆண்களுக்குப் பொய்முடி வைத்து விழச் செய்த காலம் அது. அந்த வழக்கத்துக்கு நடுவில் அவர் தொழிலில் நிலைத்திருந்ததே அரிது. 1962-இல் வெளியான 'த மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' படத்துக்காகக் குதிரை வண்டி ஓட்டியபோது அவருக்கு 69 வயது. அதுவே கடைசி வேலை. கூலி 35 டாலர்.

ஸ்டண்ட் கலைஞர் யக்கிமா கனுட்டுக்குத் தாங்கள் 1967-இல் கௌரவ ஆஸ்கர் வழங்கினீர்கள். 2012-இல் இன்னொரு ஸ்டண்ட் கலைஞரான ஹால் நீதாமுக்கு வழங்கினீர்கள். இருவரும் அதற்கு முற்றிலும் தகுதியானவர்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் கனுட் சிலையைப் பெற்ற அந்த இரவில் ஹெலன் கிப்சன் உயிரோடு இருந்தார். அதற்குப் பிறகும் பத்தாண்டுகள் வாழ்ந்து, 1977-இல்தான் ஒரெகன் மாநிலத்தில் காலமானார். அவரை அழைத்துப் பாராட்டும் வாய்ப்பு தங்கள் கைகளில் இருந்து நழுவிவிட்டது.

ஆகவே, 2028 விழாவில் இவ்விருதை அறிவிக்கும் பொறுப்பை ஒரு ஸ்டண்ட் பெண்ணிடம் ஒப்படைத்து, கிப்சனின் அத்தியாயங்களில் எஞ்சியிருக்கும் காட்சித் துண்டு ஒன்றை அப்போது திரையிடுமாறு வேண்டுகிறேன். அத்தொடரின் பெரும்பகுதி அழிந்துபோய்விட்டது. பழைய அமெரிக்கப் படச் சுருள்கள் பிற நாடுகளின் ஆவணக் காப்பகங்களிலிருந்து மீட்கப்பட்ட முன்னுதாரணங்கள் பல இருப்பதால், தங்கள் திரைப்படக் காப்பகம் பிற காப்பகங்களோடு சேர்ந்து இந்தச் சுருள்களையும் தேட வேண்டும். கிடைத்தவற்றைச் செப்பனிட்டு லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தங்கள் அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். விழாவுக்கு இன்னும் காலம் இருக்கும்போதே அந்தத் தேடல் தொடங்கினால், மேடையில் காட்டக் கூடுதலாக ஓர் அத்தியாயமேனும் கிடைக்கக்கூடும்.

பணிவுடன்,
மௌனப் படங்களை நேசிக்கும் ஒரு தமிழ்ப் பார்வையாளர்