மெயாங்கெரா பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மத்திய அமெரிக்கா என்றாலே பனாமா கால்வாயோடு நிறுத்திக்கொள்கிறோம். எல் சால்வடாரின் வடகிழக்கே, தொரோலா ஆற்றைத் தாண்டிய மலைப்பகுதியில் இருக்கும் மெயாங்கெரா பற்றியும் ஒரு பக்கம் போடுங்கள். அங்கே எல் மொசோதே கிராமத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 1981 டிசம்பரில் ராணுவம் ஏறக்குறைய ஆயிரம் பேரைக் கொன்றது, பாதிக்கு மேல் சிறுவர் சிறுமியர். தப்பிப் பிழைத்த ருஃபினா அமாயா நடந்ததைச் சொன்னார், அரசு மறுத்தது. அப்புறம் 1992இல் தோண்டியபோது, தேவாலயத்தை ஒட்டிய சின்னக் கட்டடம் ஒன்றிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. ஹோண்டுராஸ் முகாமிலிருந்து திரும்பிய அகதிகள் இதே மெயாங்கெராவில் புதிதாக ஓர் ஊரையே கட்டியெழுப்பினார்கள், அதையும் விட்டுவிடாதீர்கள். 2024இல் நகராட்சிகளை இணைத்ததில் மெயாங்கெரா இப்போது வடக்கு மொராசான் என்ற நகராட்சிக்குள் ஒரு மாவட்டம், வரைபடத்தோடு போட்டால் புரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்