முதல் நாள் சிப்பாய்களை மட்டும் வை

அன்புள்ள தங்கைக்கு,

உன் மகள், என் மருமகள், சதுரங்கம் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள் என்றும், காய்கள் நகரும் விதத்துக்கு மேல் எதுவும் தெரியாத நீ அவளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தயங்குவதாகவும் எழுதியிருந்தாய். உனக்குத் தெரிந்தது தாராளமாகப் போதும். சொல்லப்போனால், முதல் ஒரு மாதத்துக்கு அதிலும் பாதியைச் சொல்லாமல் வைத்திருப்பதுதான் உனக்கு இருக்கும் பெரிய வேலை. பல ஆண்டுகளாகப் புதியவர்களோடு பலகைமுன் உட்கார்ந்து வருகிறேன். ஆட்டம் போதிய அளவு தெரியாததால் கற்பிக்க முடியாமல் போனவர் என்று ஒருவரையும் பார்த்த நினைவில்லை. வாயை அடக்க முடியாமல் காரியத்தைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர், அவர்களில் நானும் ஒருவன்.

எனக்கு இந்த ஆட்டம் எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியாது; நீ அப்போது தொட்டிலில் கிடந்தாய். உறவில் மூத்தவர் ஒருவர் என்னை உட்காரவைத்து, முப்பத்திரண்டு காய்களையும் அடுக்கி, ஒரு மணி நேரம் எல்லா விதிகளையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, "சரி, ஆடு" என்றார். நான்காவது நகர்வில் அவருடைய ராணி, பின்னால் மந்திரியின் (பிஷப்) துணையோடு, என் ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை வெட்டிச் செக்மேட் சொன்னது. மறுநாளும் அதே நான்கு நகர்வு, அதே சிரிப்பு. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் நான் பலகையின் பக்கமே போகவில்லை. அவர் கெட்டவரல்லர், தனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்வதும் கற்பிப்பதும் ஒன்றென்று நம்பியிருந்தார், அவ்வளவுதான்.

முழுப் பலகையும் புதியவரை மிரட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளைக் காய்களோடு தொடங்குபவருக்கு முதல் நகர்விலேயே 20 வழிகள் உண்டு; இருவரும் ஒவ்வொரு நகர்வு செய்து முடித்ததும் பலகை 400 விதமான நிலைகளில் ஏதோ ஒன்றில் இருக்கும். பழகிய கண்ணுக்கு அவற்றில் பெரும்பாலானவை தெரிவதே இல்லை. பழகாத கண்ணுக்கோ எல்லாமே ஒரே அளவில் தெரிகின்றன. ஆகவே முதல் நாள் பெட்டியிலிருந்து சிப்பாய்களை மட்டும் எடு. வெள்ளையில் எட்டு, கறுப்பில் எட்டு, அவரவர் இரண்டாம் வரிசையில். யாருடைய சிப்பாய் முதலில் மறுகரையைத் தொடுகிறதோ அவர் வென்றார். சிப்பாய் நேராக ஒரு கட்டம் போகும், முதல் தடவை மட்டும் விரும்பினால் இரண்டு கட்டம் போகலாம், வெட்டுவது மட்டும் சாய்வாக முன்னால் ஒரு கட்டம். இதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது. மூன்றாவது நிமிடத்தில் அவள் ஆடிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தச் சின்ன ஆட்டத்தைக் குழந்தை விளையாட்டு என்று எண்ணிவிடாதே. எதிரெதிரே முட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு சிப்பாய்களை முதலில் பார்க்கும்போது அவள் நேராக வெட்டப் பார்ப்பாள், எல்லாரும் பார்ப்பார்கள். "அது சாய்வாகத்தான் வெட்டும்" என்று ஒருமுறை சொல், போதும். மூன்றாவது ஆட்டத்துக்குள், ஒரு சிப்பாயைத் தனியே அனுப்பினால் அது வெட்டுப்படும் என்பதையும், பக்கத்துச் சிப்பாய் பின்னால் காவல் நின்றால் வெட்டியவனை வெட்டலாம் என்பதையும் அவளே கண்டுபிடிப்பாள். பிறகு ஒரு நாள், நடுவைத் தாண்டி ஐந்தாம் வரிசைக்கு வந்துவிட்ட அவளுடைய சிப்பாயின் பிடியிலிருந்து தப்ப, உன் சிப்பாய் முதல் நகர்விலேயே இரண்டு கட்டம் தாவி அதன் பக்கத்தில் போய் நிற்கும். அவள், "இது அநியாயம்" என்பாள். அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருக்க வேண்டும். ஆட்டத்துக்குள் சிப்பாயின் இரட்டைத் தாவல் வந்த பிறகு, இதே அநியாயத்தைச் சரிசெய்யத்தான் போகிற போக்கில் வெட்டும் விதி வந்தது. உடனே, அடுத்த நகர்விலேயே, அந்தச் சிப்பாய் ஒரே கட்டம் நகர்ந்ததாகக் கருதி வெட்டிக்கொள்ளலாம். ஆன் பஸான் என்று அதற்குப் பிரெஞ்சுப் பெயர். முதல் நாளே சொல்லியிருந்தால் விளங்காத சட்டமாக இருந்திருக்கும் இது, அவள் முறையிட்ட பிறகு வரும்போது அவள் கேட்டு வாங்கிய உரிமையாகிவிடும். எல்லா விதிகளையும் இப்படியே, அவற்றுக்கான தேவை பலகையில் எழும்போது மட்டும் கொடு என்பதுதான் இந்தக் கடிதத்தில் நான் உனக்குச் சொல்ல வந்தது.

அடுத்து எந்தக் காய் என்று கேட்பாய். யானையையும் மந்திரியையும் சேர்த்தே கொடுத்துவிடலாம், அவை நேர்கோட்டுக்காரர்கள். வெற்றுப் பலகையில் யானை எந்தக் கட்டத்தில் நின்றாலும் 14 கட்டங்களுக்குப் போக முடியும், மந்திரிக்கோ மூலையில் 7, நடுவில் 13 என்பதை அவளே எண்ணிப் பார்க்கட்டும். காய்களை நடுப்பக்கம் கொண்டுவா என்று நீ ஒரு நாளும் சொல்ல வேண்டியிருக்காது. பெயர்களைப் பற்றிக் கவலைப்படாதே. ஒரு வீட்டில் மந்திரி என்பது இன்னொரு வீட்டில் பிஷப். ராணிக்கே மந்திரி என்று பெயர் வைத்து ஆடுபவர்களும் உண்டு, அதில் தவறும் இல்லை. பழைய ஆட்டத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றது மந்திரிதான். சாய்வாக ஒரே ஒரு கட்டம் நகர்ந்த அந்தக் காய், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில்தான் இன்றைய ராணியின் பாய்ச்சலைப் பெற்றது.

குதிரைக்கு மட்டும் நாட்கணக்கில் நேரம் ஒதுக்கு. அது நம் ‘ட’ எழுத்தின் வடிவில் தாவும் என்று சொன்னால் அவளுக்குப் பிடித்துக்கொள்ளும், ஆனால் கை பழகாது. எட்டுச் சிப்பாய்களைப் பலகையில் கண்டபடி சிதறிவைத்து, ஒரே ஒரு குதிரையை அவளிடம் கொடுத்து, எத்தனை தாவலில் எல்லாவற்றையும் வெட்டுகிறாள் என்று எண்ணு. அடுத்த நாள் அதே அமைப்பில் ஒரு தாவலையாவது குறைக்கப் பார்க்கட்டும். மூலையில் நிற்கும் குதிரையைச் சாய்வாகத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்துக் கட்டத்துக்குக் கொண்டுபோகச் சொல். கைநீட்டும் தொலைவுதான், ஆனால் நான்கு தாவல் வேண்டும். அங்கே அவள் சிரித்தால் குதிரை வசப்பட்டுவிட்டது என்று பொருள். ஒவ்வொரு தாவலிலும் குதிரை நிற்கும் கட்டத்தின் நிறம் மாறும் என்பதையும் அவள் கவனித்துச் சொல்லும்வரை நீ சொல்லாதே. 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியனாக இருந்த கியூபாவின் கபபிளாங்கா, நான்கு வயதில் தன் தந்தை ஆடுவதைப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். தந்தை ஒரு குதிரையை வெள்ளைக் கட்டத்திலிருந்து இன்னொரு வெள்ளைக் கட்டத்துக்கு நகர்த்தியதைப் பார்த்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும், நீங்கள் ஏமாற்றினீர்கள் என்று கேலி செய்தாராம். அந்த வீட்டில் யாரும் அவருக்குப் பாடம் நடத்தவில்லை என்பதைக் கவனி.

ராணி வந்த பிறகு, முழு ஆட்டத்துக்குப் போகும் முன்பே, செக்மேட் செய்யக் கற்றுக்கொடு. எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரியாமல் ஆடுபவர்கள் வெட்டுவதே ஆட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவளுக்கு ராஜாவும் ராணியும், உனக்கு ராஜா மட்டும். உன் ராஜாவிலிருந்து குதிரைத் தாவல் தொலைவில் அவள் ராணியை வைத்துக்கொண்டு, நீ ஓர் அடி வைத்தால் ராணியும் அதே திசையில் ஓர் அடி வைப்பதாக, நிழல்போல் பின்தொடர்ந்தால், செக் சொல்லாமலே உன் ராஜா மூலைக்கு ஒதுங்கிவிடும். மூலையில் நின்ற பிறகும் பழக்கதோஷத்தில் அவள் இன்னோர் அடி தொடர்வாள். உன் ராஜாவுக்குச் செக் இல்லை, போக ஒரு கட்டமும் இல்லை. ஸ்டேல்மேட், ஆட்டம் சமன். அவள் முகம் வாடும். அப்போதுதான் அந்தச் சொல்லை முதன்முதலாகச் சொல், பலகையை அப்படியே ஒரு நகர்வு பின்னுக்கு வைத்து, "இங்கே ராணி நின்றுகொள்ளட்டும், உன் ராஜாவை அழைத்து வா" என்று மட்டும் காட்டு. அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் அந்த மூலையை மறக்க மாட்டாள். ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம்மாற்றி ராஜாவை ஓரத்தில் ஒதுக்கும் கேஸ்லிங் அவசரமில்லை, நடுவில் மாட்டிக்கொண்ட ராஜாவோடு இரண்டு ஆட்டம் தோற்ற பிறகு அதைக் கொடுத்தால் பரிசுபோல வாங்கிக்கொள்வாள்.

இனி உன் பொறுமையைப் பற்றி. அவள் ராணியை உன் சிப்பாயின் வாயில் கொண்டுபோய் வைக்கும்போது உனக்குக் கை பரபரக்கும். என் அனுபவத்தில் மூன்று பொத்தான்கள் இதைத் தீர்த்துவைக்கின்றன. ஆட்டத்தின் தொடக்கத்தில் அவளிடம் மூன்று பொத்தான்களைக் கொடு; ஒரு பொத்தானைக் கொடுத்தால் ஒரு நகர்வைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டும் பத்து நிமிடத்தில் கரைந்துவிடும், மூன்றாவதை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். அந்த ஒரு பொத்தானைச் செலவழிக்காமல் இருப்பதற்காகவே நகர்த்துவதற்கு முன் பலகையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்கள். "யோசித்து ஆடு" என்று நான் நூறு முறை சொல்லியும் நடக்காத காரியம் அது. தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்ற போட்டி விதி பொத்தான்கள் தேவைப்படாத காலத்தில் தானாக வரட்டும். அதுவரை நீ பேச வேண்டுமென்றால் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்: "நான் இப்போது நகர்த்தியது எதற்காக?" அவள் சரியான பதில் சொன்னாலும் தவறான பதில் சொன்னாலும் அதே முகத்தோடு கேட்டுக்கொள்.

அவளுக்காக வேண்டுமென்றே தோற்காதே. ஒன்பது வயதுக்கு அது தெரியாது என்று நினைக்கிறோம்; தெரிந்துவிடும், அதன் பிறகு உண்மையான வெற்றியையும் நம்ப மாட்டாள். பதிலாக, வெளிப்படையாகச் சலுகை கொடு: உன் ராணியைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு ஆடு, அவள் தொடர்ந்து வென்றால் அடுத்து ராணியை எடுத்துக்கொண்டு ஒரு யானையை விடு, பிறகு குதிரையை. பெரிய ஆட்டக்காரர்கள்கூட 19ஆம் நூற்றாண்டில் எளிய எதிராளிகளோடு இப்படித்தான் ஆடினார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, பலகையைத் திருப்பும் ஆட்டம். ஓர் ஆட்டத்தில் மூன்று முறை, அவள் விரும்பும் இடத்தில், "திருப்பு" என்று சொல்லலாம். உடனே அவளுடைய நொந்துபோன படை உனக்கும் உன்னுடைய செழிப்பான படை அவளுக்கும் வந்துவிடும். எந்த நேரத்தில் திருப்புவது என்று தீர்மானிக்க, யாருடைய நிலை நன்றாக இருக்கிறது என்று அவள் நகர்வுக்கு நகர்வு எடைபோட்டுக்கொண்டே இருப்பாள். காய்களின் மதிப்பை, அதாவது சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்பதை, இந்த ஆட்டம் ஆடத் தொடங்கிய பிறகு சொல். முன்கூட்டியே சொன்னால் புள்ளி சேர்ப்பதிலேயே இறங்கிவிடுகிறார்கள். ராணியைத் தின்ற மகிழ்ச்சியில் அடுத்த நகர்வில் செக்மேட் வாங்கிய பையன்களை நான் எண்ணி மாளாது.

என்னை விரட்டிய அந்த நான்கு நகர்வு செக்மேட்டை அவள் எங்கிருந்தாவது கற்றுக்கொண்டு வருவாள். தடுக்காதே. முதல் முறை உன்மேல் பிரயோகிக்கட்டும். இரண்டாம் முறை, ராணி சீக்கிரமே வெளியே வந்ததும், உன் குதிரையை அதைத் தாக்கும் கட்டத்தில் கொண்டுவந்து, ராணியை இங்கும் அங்கும் ஓடவைத்தபடியே உன் காய்களை ஒவ்வொன்றாக வெளியே எடு. ஒரு வாரத்தில் அவளே அந்த வித்தையைக் கைவிடுவாள்.

கைப்பேசிச் செயலிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒரே நகர்வில் செக்மேட் செய்யும் புதிர்கள் நல்லவை, நாளுக்கு ஐந்து போதும். சிறந்த நகர்வை அம்புக்குறியிட்டுக் காட்டும் வசதியை மட்டும் அணைத்துவை. எல்லாவற்றுக்கும் விடை வைத்திருக்கும் மேதாவி அருகில் இருந்தால் யாருக்கும் யோசிக்கத் தோன்றாது.

மாப்பிள்ளையும் கூட உட்கார விரும்புகிறார் என்று எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன், கொஞ்சம் அஞ்சவும் செய்தேன். பெரியவர்களுக்குக் கற்பிப்பதில் உள்ள சிக்கல் மூளை அல்ல, வெட்கம். குழந்தைக்கு முன்னால் தோற்பதை விட, தெரியாது என்று சொல்வது அவர்களுக்குக் கடினம். ஆகவே அவரையும் அவளையும் ஒரே பக்கத்தில் உட்காரவைத்து, இருவரும் கலந்து பேசி உனக்கு எதிராக ஆடட்டும். பேசும்போது இருவருடைய தவறான யோசனைகளும் வெளியே வந்துவிடும். நீ எதையும் துருவிக் கேட்க வேண்டியதில்லை.

விசுவநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாயார் சுசீலா. நீ தாயாக இருந்து தொடங்கலாமா என்ற தயக்கத்துக்காக மட்டும் இதைச் சொல்கிறேன். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானவரின் பெயரைத் தயவுசெய்து அவள் காதில் இப்போதே போட்டுவிடாதே. இருபது நிமிடம் ஆடி, "இன்னும் ஒன்று" என்று அவள் கேட்கும்போதே நிறுத்திவிடு. காய்களைப் பெட்டியில் போடும் வேலை தோற்றவருக்கு அல்ல, இருவருக்கும்.

என் பழைய பலகையையும் பெட்டியையும் இத்துடன் அனுப்புகிறேன். அடுக்கும்போது அவரவர் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும், ராணி தன் நிறக் கட்டத்தில் நிற்க வேண்டும். கறுப்புச் சிப்பாய்களில் ஒன்று எப்போதோ தொலைந்துபோயிற்று. அதற்குப் பதிலாக ஒரு பெரிய கோட்டுப் பொத்தான் பெட்டியில் இருக்கும். அந்தப் பொத்தான் மறுகரை சேர்ந்து ராணியான ஆட்டங்கள் பல உண்டு. அவளிடம் அதை விளக்காதே, அவளே கேட்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்