காக்டெயிலைத் துணி போட்டுப் பிடிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறையில் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் வளர்ப்புப் பறவைகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தோம். கொண்டை வைத்த சிறு கிளியினமான காக்டெயிலைப் புதிதாக வாங்கியதும் துணியால் மூடிப் பிடித்து, தினமும் அரை மணி நேரம் கைக்குள் வைத்திருந்தால் ஒரே வாரத்தில் பழகிவிடும் என்று அதில் இருந்தது. அப்படிச் செய்தால் பறவை பயத்தில் அசையாமல் கிடக்குமே தவிர, பழகாது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் இந்தப் பறவையை வாங்கும் வீடுகள் கூடிவருவதால், இங்குள்ள வீட்டு அமைப்புக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி பழக்கும் முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். இடம் கருதிச் சுருக்க நேர்ந்தால், கையில் ஏற்றும் பகுதியை மட்டும் வெட்டாமல் விடுங்கள்.

காக்டெயில் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் கூட்டமாகத் திரிந்து, தரையில் இறங்கிப் புல்விதை பொறுக்கித் தின்னும் பறவை. கொண்டைக்கிளிகளான காக்கட்டூ குடும்பத்திலேயே சிறியது. வாலோடு சேர்த்து 30 முதல் 33 சென்டிமீட்டர் நீளம், 80 முதல் 100 கிராம் எடை. தரையில் மேயும் பறவைக்கு ஆபத்து பெரும்பாலும் தலைக்கு மேலிருந்துதான் வரும். மேலிருந்து இறங்கும் கையும் துணியும் அதற்கு வல்லூறு மாதிரிதான். ஒருமுறை அப்படிப் பிடிபட்டது, கூண்டுக் கதவின் சத்தம் கேட்டாலே மூலைக்கு ஓடும். அந்தப் பயத்தைப் போக்க மாதக்கணக்காகும். பதினைந்து, இருபது வருஷம் கூட இருக்கப்போகிற பறவைக்கு முதல் மாதத்தில் என்ன அவசரம்?

மருந்து கொடுக்க, நகம் வெட்டப் பிடித்தே ஆகவேண்டும் என்றால் துணி வேண்டும்தான். அப்போதும் தாடைக்குக் கீழே இரு விரலை வளையமாக வைத்துத் தலையைத் தாங்க வேண்டும். நெஞ்சை அமுக்கக் கூடாது. பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு வரும். இறுக்கிய கைக்குள்ளேயே மூச்சு நின்றுவிடும்.

வாங்கும்போதே ஒரு தவறு நடக்கிறது. "குஞ்சிலேயே வாங்கி நீங்களே ஊட்டினால்தான் ஒட்டும்" என்று சொல்லி, மூன்று வாரக் குஞ்சைப் பால்பவுடர் மாதிரி ஒரு ஃபார்முலா பொட்டலத்தோடு விற்கிறார்கள். முட்டை பொரிய 18 முதல் 21 நாள். குஞ்சு கூட்டுப் பெட்டியை விட்டு வெளியே வர நான்கைந்து வாரம். தானாகத் தின்னக் கற்க எட்டு முதல் பத்து வாரம். இடையில் ஊட்டுவது தெரிந்தவர் கைவேலை. அந்தப் பவுடரைக் கரைத்த கூழ் 39 முதல் 41 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். அதிகம் சுட்டால் தொண்டைக்குக் கீழுள்ள இரைப்பை வெந்து புண்ணாகும். ஆறிப்போனால் செரிக்காமல் உள்ளேயே புளிக்கும். சிரிஞ்சு கொஞ்சம் தவறினால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். பத்துப் பன்னிரண்டு வாரமாகி, விதையைத் தானே உமி நீக்கித் தின்னும் பறவையை வாங்குங்கள். அது நன்றாகவே பழகும். கடையில் பத்து நிமிஷம் நின்று, அது தின்கிறதா என்று பார்த்துவிட்டே காசு கொடுங்கள். நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரித் துருத்தினால் வேண்டாம். செல்லப்பிராணிக் கடைகள் 2018ஆம் வருஷ விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிய வேண்டும். சான்றைக் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காக்டெயிலுக்கு அந்தத் தடை இல்லை.

கூண்டு குறைந்தது 45 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 60 உயரம். கம்பி இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். துத்தநாகம் பூசிய புதுக் கம்பிக் கூண்டை வினிகர் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பிறகு பயன்படுத்துங்கள். பூச்சுத் துகளைக் கொத்தி விழுங்கினால் நஞ்சு. கூண்டோடு வரும் வழவழப்பான குச்சியை எடுத்துவிட்டு, கட்டைவிரல் தடிமனை ஒட்டி, சற்றே கூடக்குறைய வேப்பங்கிளை, கொய்யாக்கிளை வையுங்கள். ஒரே தடிமன் என்றால் காலில் புண் வரும். கூண்டு நம் கண் மட்டத்தில், ஒரு பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும்.

வந்த முதல் நாலைந்து நாள் தீனியும் தண்ணீரும் மாற்றுவதோடு சரி. அடுத்து, கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். தங்கள் நாளிதழே போதும். சத்தமாகப் படித்தால் இன்னும் நல்லது, குரல் பழகும். உற்றுப் பார்க்கக் கூடாது. இந்த நாட்களில் கொண்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நெட்டுக்குத்தாக நின்றால் திகைப்பு, பயம். தலையோடு ஒட்டிப் படுத்து, வாயைத் திறந்து சீறினால் கோபம், அடுத்தது கடிதான். பாதி சாய்ந்து நுனி மட்டும் மேலே வளைந்திருந்தால் நிம்மதி. கண்ணை மூடி அலகை அரைக்கும் மெல்லிய சத்தம் கேட்டால், நீங்கள் பக்கத்தில் இருப்பது அதற்குப் பிரச்சினை இல்லை என்று அர்த்தம்.

பிறகு தினைக் கதிர். கடையில் கதிராகவே கிடைக்கும். இதைத் தீனிக் கிண்ணத்தில் போடவே கூடாது; கையிலிருந்து மட்டுமே கிடைக்க வேண்டும். இந்த ஒன்றில் வீட்டில் எல்லோரும் ஒத்துழைக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண். இரவே தீனிக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, காலையில் பாடம் முடிந்ததும் வைத்தால் பசி போதுமான அளவு இருக்கும். அதற்குமேல் பட்டினி போடாதீர்கள். 90 கிராம் உடம்பு ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்காது. கைக்குப் பழக்கும் பாடம் காலையும் மாலையும் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும்.

முதலில் கம்பி வழியாகக் கதிரை நீட்டுங்கள். வந்து கொத்தினால், அடுத்த நாள் கதவைத் திறந்து நீட்டுங்கள். கையைக் கீழிருந்து, பக்கவாட்டில் கொண்டுபோக வேண்டும். கொண்டை நிமிர்ந்தால் அந்த இடத்திலேயே கையை நிறுத்தி, கொண்டை சாயும்வரை காத்திருந்து, பிறகு மெதுவாக எடுங்கள். பயந்து பதறும்போது கையை எடுத்தால், பதறினால் கை போய்விடும் என்று கற்றுக்கொள்ளும். கதிரை நாளுக்கு நாள் குட்டையாகப் பிடித்து, கடைசியில் உள்ளங்கையில் வைத்துக் கொடுங்கள்.

உள்ளங்கையில் தின்ன ஆரம்பித்ததும் விரலில் ஏற்றலாம். ஆள்காட்டி விரலைப் படுக்கையாக நீட்டி, அது உட்கார்ந்திருக்கும் குச்சியைவிடச் சற்றே உயரத்தில், கால்களுக்குக் கொஞ்சம் மேலே அடிவயிற்றில் லேசாக ஒட்டி, "ஏறு" என்று ஒருமுறை சொல்லுங்கள். இந்த இடத்தில்தான் பலர் தோற்கிறார்கள். பறவை ஏறும்முன் குனிந்து அலகால் விரலைப் பிடித்துப் பார்க்கும். அது கடி இல்லை; கிளை தாங்குமா என்று சோதிப்பது. பயந்து விரலை இழுத்தால் இரண்டு பாடம் ஒன்றாகப் போகும்: இந்தக் கிளை ஆடும், அலகை வைத்தால் கை ஓடும். அடுத்த முறை நிஜமாகவே கடிக்கும். விரல் ஆடாமல் நின்றால் ஒரு காலை வைக்கும், பிறகு மறுகால். ஏறியதும் கதிரில் இரண்டு கொத்து, உடனே திரும்பக் குச்சியில் இறக்கிவிடுங்கள். வேண்டும்போது இறங்கலாம் என்று தெரிந்த பறவைதான் அடுத்த முறை தயங்காமல் ஏறும்.

கடித்துவிட்டால் கத்தக் கூடாது, உதறக் கூடாது, முகத்தில் ஊதக் கூடாது. மேசைமேல் இறக்கிவிட்டு, கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாலே போதும். கையைக் கண்டாலே மிரளும் பறவைக்கு ஒரு முழம் வேப்பங்குச்சியில் ஏறப் பழக்கி, குச்சியைப் பிடிக்கும் இடத்தை நாளாவட்டத்தில் பறவைப் பக்கமாக நகர்த்தி வாருங்கள்.

வித்தை கற்றுத்தர ஈர்க்குச்சி ஒன்றும் பித்தான் பேனா ஒன்றும் போதும். குச்சி நுனியை அலகு தொட்ட கணமே பேனாவை ஒரு "டிக்", உடனே ஒரு விதை. இரண்டு மூன்று நாளில் குச்சி போகும் பக்கமெல்லாம் பறவை போகும். சுற்றி வருவது, கூண்டுக்குத் தானே திரும்புவது, கூப்பிட்டால் ஓரடி, மூன்றடி, அறைக்கு அந்தக் கோடியிலிருந்து பறந்து வருவது எல்லாம் இதிலிருந்தே வரும். வித்தைப் பாடத்தை மட்டும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீட்டாதீர்கள். பெரும்பாலும் ஆண்தான் சீட்டியடிக்கும், சில சொற்களும் பேசும். பெண்ணிடம் அதை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். சாம்பல் நிற வகையில் ஆறு மாதத்துக்குமேல் முதல் இறகு உதிர்வு முடிந்ததும் ஆணின் முகம் பளிச்சென்று மஞ்சளாகும். பெண்ணுக்கு வாலடியில் கோடுகள் தங்கும். பேச்சு வேண்டுமென்றால் சீட்டிக்கு முன்பே தொடங்குங்கள். சீட்டி பிடித்துப்போனால் பேச்சை மதிக்காது.

இனி நம் வீடுகள். செட்டிநாட்டு வீடு காக்டெயிலுக்கு அழகான பொறி. வளவு என்னும் உள்முற்றத்தின் நடுவே வானம் திறந்திருக்கும். மேலே இரும்புக் கம்பி போட்ட வீட்டிலும் அந்த இடைவெளியில் காக்டெயில் தாராளமாகப் போய்விடும். ஒன்றரை சென்டிமீட்டர் கண் உள்ள வலையைக் கம்பிக்கு அடியில் இழுத்துக் கட்டாதவரை, பறவையை வளவுக்கே கொண்டுவராதீர்கள். முதல் மாதங்களில் வெளியே விட வளவை ஒட்டிய சின்ன அறைதான் சரி. மின்விசிறியை நிறுத்தி, பெல்ஜியம் நிலைக்கண்ணாடிக்குத் துணி போர்த்தி, அண்டா தண்ணீரை மூடிவிட்டுத் திறவுங்கள். கண்ணாடியைத் திறந்த வாசல் என்று நினைத்து முழு வேகத்தில் மோதும். தூண்கள் நிற்கும் கூடமான பட்டாசாலையில் விட்டால் தூண் உச்சி மரவேலையில் ஏறிக்கொண்டு இறங்காது. ஒட்டடைக்கம்பு எடுத்து விரட்டாதீர்கள். விளக்கைக் குறைத்து, கூண்டையும் கதிரையும் கண்ணில் படும்படி வைத்தால் பசி இறக்கிவிடும்.

சிறகு வெட்டுவதைப் பற்றி எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஒன்று மட்டும் உறுதி: சிறகு முழுதும் வெட்டிய பறவை ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் விழுந்தால் நெஞ்செலும்புத் தோல் பிளக்கும். லேசாக வெட்டிய பறவையோ காற்றடித்தால் ஓட்டுக்கூரை தாண்டிப் போய்விடும். சிறகு வெட்டக் கொடுக்கும் காசில் வலை கட்டலாம்.

அடுப்படிக்குப் பக்கத்தில் கூண்டு வைக்கவே கூடாது. நான்ஸ்டிக் தவா காய்ந்து கருகினால் வரும் புகை, நமக்கு வாசனைகூடத் தெரியாமல், சில நிமிஷத்தில் பறவையைக் கொன்றுவிடும். ஆச்சி வற்றல் மிளகாய் தாளிக்கும் நெடி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, கொசுவத்திச் சுருள் எதையும் அந்த நுரையீரல் தாங்காது.

தீனியில் சூரியகாந்தி விதை கொஞ்சமாக. மிச்சம் தினை, சாமை, கம்பு. முளைகட்டிய பாசிப்பயறு, முருங்கைக்கீரை, துருவிய கேரட் தினமும் வேண்டும். வெறும் விதையில் வைட்டமின் ஏ குறையும், ஈரல் கொழுக்கும். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடைக் கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, ஒரு துண்டு கம்பியில் கட்டுங்கள். தலையை மட்டும் தடவுங்கள். முதுகையும் வாலடியையும் தடவினால் இணை சேரும் எண்ணம் வந்து, பெண் பறவை தனியாகவே முட்டைமேல் முட்டையாக இட்டு நலியும். மரப்பெட்டி இடுக்கு, கவிழ்த்த பானை போன்ற இருட்டு மூலைகளில் நுழைய விடாததும் இதற்காகத்தான்.

இரவில் பல்லி ஓடினாலே காக்டெயில் மிரண்டு, கூண்டெல்லாம் அடித்துக்கொண்டு சிறகை உடைத்துக்கொள்ளும். ஒரு சின்ன இரவு விளக்கு எரியட்டும். தீபாவளி இரவில் கூண்டை உள்ளறைக்கு மாற்றுங்கள். வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காக வெடியே வெடிப்பதில்லை. நம் தெருவில் அதைக் கேட்க முடியாது. கோடையில் வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகை உடம்பிலிருந்து தள்ளி வைத்தால் உடனே நிழலுக்கு மாற்றிக் கால்களை நனையுங்கள்.

கடைசியாக, ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசில் ஏறி நிற்கவும், சின்னப் பயணக் கூண்டுக்குள் தானே நுழையவும் கதிர் காட்டிப் பழக்கிவிடுங்கள். பறவை நோயை மறைக்கும். இறகைச் சிலிர்த்து உட்காரும்போது பாதி நோய் முற்றியிருக்கும். வாரம் ஒருமுறை காலையில் எடை எடுத்து எழுதி வைத்து, பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பறவை பார்த்துப் பழகிய மருத்துவர் பக்கத்தில் இல்லையென்றால் தஞ்சாவூர் மாவட்டத்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி வரை பஸ்ஸிலோ காரிலோ போக நேரும். பயணக் கூண்டுக்குப் பழகாத பறவையை அந்த நேரத்தில் துரத்திப் பிடித்தால், அந்த அலைச்சலே அதைச் சாகடித்துவிடும்.

இப்படிக்கு,
காக்டெயில் வளர்ப்போர் சிலர்,
காரைக்குடி.